ஒரு தேசத்தின் கடன் பேரேடு: ஜாம்பியா தரும் பாடம்



ஏழை நாடுகளின் கடனைப் பெரிய நாடுகள் தள்ளுபடி செய்தன என்ற செய்தி பத்திரிகைகளில் அவ்வப்போது வருகின்றது. அதைப் படிக்கும்போது நம்மில் பலருக்குச் சற்று எரிச்சல் உண்டாவது உண்மை. நாம் வாங்கிய கடனை யார் தள்ளுபடி செய்தார்? மொத்தக் கடைக்காரர் சரக்கு இறக்கிவிட்டுப் போனால் தவணை நாளில் ஆள் வந்து நிற்கிறது. பேங்குக்காரர் ஒரு மாதம் பொறுப்பதில்லை. "வாங்கியவன் கொடுக்க வேண்டாமா?" என்று நமது சங்கத்து அன்பர்கள் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. கடனைத் திருப்பிக் கொடுப்பது நமது மார்க்கத்தில் எவ்வளவு கடுமையான கடமை என்பதை மதரஸாவில் ஓதிய சிறு பிள்ளையும் அறியும்.

ஆகவே அந்தக் கேள்விக்கு உரிய மரியாதை கொடுத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். நாற்பது தேசங்களைப் பற்றிப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே ஒரு தேசத்தின் பேரேட்டைப் புரட்டிப் பற்று எது, வரவு எது, பாக்கி எப்படி ஏறிற்று என்று பார்ப்போம். ஆப்பிரிக்காவின் தெற்கு மத்தியில் உள்ள ஜாம்பியாவை எடுத்துக்கொள்கிறோம். அத்தேசம் ஒரு முறை கடனில் மூழ்கி, தள்ளுபடி பெற்று, மறுபடியும் மூழ்கி, மறுபடியும் பேச்சு நடத்தி எழுந்திருக்கிறது. ஒரே கடைக்காரர் இரண்டு முறை விழுந்த கதை போன்றது அது. அதில் நாம் கற்க வேண்டியது மிகுதி.

செம்பை நம்பிய தேசம்

ஜாம்பியா முன்னர் வட ரொடீஷியா என்ற பெயருடன் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1964 அக்டோபர் 24-ல் சுதந்திரம் பெற்றது. கென்னத் கவுண்டா முதல் ஜனாதிபதி ஆனார். தலைநகர் லுசாகா. அந்தத் தேசத்துக்குக் கடற்கரை கிடையாது. சரக்கு ஏற்றுவதானாலும் இறக்குவதானாலும் அடுத்த தேசத்தின் துறைமுகத்தையே நம்ப வேண்டும்.

பூமிக்கடியில் செம்பு ஏராளம். கிட்வே, முஃபுலிரா, சிங்கோலா முதலிய சுரங்க ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்கே செப்பு வளையம் என்று பெயர். சுதந்திரம் பெற்ற காலத்தில் ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு செம்பிலிருந்தே வந்தது. ஒரே சரக்கை வைத்து நடத்தும் கடை எப்படிப்பட்டது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. சந்தை நன்றாயிருக்கும்வரை ராஜ வாழ்க்கைதான். விலை இறங்கினாலோ பலகை எடுத்துப் போட வேண்டியதுதான். 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றுபோனபோது ஈப்போ, கம்பார் பக்கத்துக் கடைத்தெருக்கள் என்ன பாடுபட்டன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். செம்பின் விலையையும் அதே லண்டன் சந்தைதான் நிர்ணயிக்கின்றது. தோண்டுகிறவனுக்கு அதில் பேச்சு இல்லை.

ஆரம்பத்தில் விலை உயர்ந்தே இருந்தது. அந்த வருமானத்தில் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் எழுந்தன. 1969-ல் சர்க்கார் சுரங்கங்களில் நூற்றுக்கு 51 பங்கைத் தன் வசமாக்கிக் கொண்டது. 1965-ல் தெற்கேயிருந்த ரொடீஷியாவின் வெள்ளையர் அரசு தானாகவே சுதந்திரம் அறிவித்ததிலிருந்து ஜாம்பியாவின் பழைய பாதைகளுக்கு இடைஞ்சல் வந்தது. 1973-ல் எல்லையே மூடப்பட்டது. அதற்கு மாற்றாகத் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகம்வரை 1,860 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையைச் சீனா போட்டுக் கொடுத்தது. அதற்குச் சீனா தந்த கடன் வட்டியில்லாக் கடன். பின்னாளில் அதே சீனாவிடம் வாங்கிய கடன்கள் எப்படியிருந்தன என்பதைக் கீழே காணலாம்.

கடன் ஏறிய விதம்

1973-ல் பெட்ரோல் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அடுத்த வருஷத்தின் நடுவில் செம்பு விலை சரியத் தொடங்கி, 1975-க்குள் உச்ச விலையில் பாதிக்கும் கீழே போயிற்று. வாங்கும் சரக்கு விலை ஏறுகிறது, விற்கும் சரக்கு விலை இறங்குகிறது. இந்த நிலையில் கடை வைத்திருப்பவர் என்ன செய்வார்? சில மாதம் பொறுத்தால் விலை திரும்பும் என்று எண்ணிக் கைமாற்று வாங்குவார். ஜாம்பியாவும் அப்படியே செய்தது. விலை திரும்பும் என்று சொன்னவர்களில் கடன் கொடுத்தவர்களும் இருந்தனர் என்பதைக் கவனிக்கவும். எண்ணெய் தேசங்களின் பணம் அமெரிக்க, ஐரோப்பிய பேங்குகளில் வந்து குவிந்திருந்த காலம் அது. சும்மா கிடக்கும் பணம் பேங்குக்குப் பாரம். ஆதலால் ஏழைத் தேசங்களை அவர்களே தேடிப் போய்க் கொடுத்தார்கள்.

விலை திரும்பவில்லை. போதாததற்கு 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் வட்டி விகிதம் நூற்றுக்கு இருபதை எட்டிப் பார்த்தது. மிதக்கும் வட்டிக்கு வாங்கியவர்கள் எல்லோரும் மூழ்கினர். பழைய பாக்கியின் வட்டியைக் கட்டப் புதுக் கடன், அதைக் கட்ட இன்னொரு கடன். இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டாம். நமது தெருவிலேயே கண்டிருக்கிறோம்.

பேங்குக்காரர்கள் பின்வாங்கியபோது சர்வதேச நாணய நிதி நிறுவனமும் உலக வங்கியும் முன்வந்தன. அவை பணத்துடன் நிபந்தனைகளையும் கொண்டுவந்தன. சர்க்கார் செலவைக் குறை, நாணய மதிப்பை இறக்கு, உணவுக்குக் கொடுக்கும் மானியத்தை நிறுத்து என்பவை அவற்றில் முக்கியம். ஜாம்பியா மக்கள் சோளமாவைக் களியாகக் கிண்டி உண்பவர்கள். நமக்கு அரிசி எப்படியோ அவர்களுக்குச் சோளமாவு அப்படி. 1986 டிசம்பரில் மானியம் எடுக்கப்பட்டு, ஒரு வகை மாவின் விலை ஒரேயடியாக இரட்டிப்புக்கு மேல் போயிற்று. செப்பு வளையத்து ஊர்களில் கலகம் மூண்டது. கடைகள் கொள்ளை போயின. பதினைந்து பேர் வரை மாண்டனர். வாங்கிய கடன் கணக்கில் எங்கேனும் அந்தப் பதினைந்து பேரின் கையெழுத்து இருந்ததா?

1987 மே மாதம் முதல் தேதி கவுண்டா ஒரு துணிச்சலான காரியம் செய்தார். நாணய நிதியின் திட்டத்தைக் கைவிட்டு, ஏற்றுமதி வருமானத்தில் அவசிய இறக்குமதிக்கு ஆகும் செலவு போக மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கடனுக்குக் கட்டுவதில்லை என்று அறிவித்தார். வருமானத்துக்கு ஏற்ற தவணை என்ற அந்த யோசனையில் நமக்குக் குற்றம் தெரியவில்லை. ஆனால் ஒருவர் மட்டும் தனியாக அறிவித்தால் கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? புதுப் பணம் வருவது நின்றது. இரண்டு வருஷத்துக்குள் ஜாம்பியா பழைய மேஜைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. 1990-ல் மாவு விலையால் மறுபடியும் கலகம். 1991 தேர்தலில் கவுண்டா தோற்று, சண்டையின்றிப் பதவியை விட்டு இறங்கினார்.

இங்கே நமது கேள்விக்குப் பதிலின் ஒரு பகுதி கிடைக்கிறது. தனி மனிதன் கடனைக் கட்ட முடியாமல் போனால் கோர்ட்டு இருக்கிறது. மஞ்சள் கடுதாசி கொடுத்தால் இருப்பதைப் பங்கிட்டுவிட்டு, அவனைப் புதிதாகத் தொடங்க விடுவார்கள். குடும்பத்துப் பாத்திரம் பண்டங்களையும் தொழிலுக்கு வேண்டிய கருவிகளையும் பிடுங்கமாட்டார்கள். தேசம் நொடித்துப் போனாலோ அப்படிப்பட்ட கோர்ட்டு உலகத்தில் எங்கும் இல்லை. கடன் கொடுத்தவர்களே கூடி உட்கார்ந்து, என்ன செய்யலாம் என்று தீர்மானிக்கிறார்கள். கடன் கொடுத்த சர்க்கார்கள் கூடும் பாரிஸ் கிளப் என்ற சபை 1956-ல் அர்ஜெண்டினாவின் கடனுக்காக முதலில் கூடியது. வழக்காளியும் நீதிபதியும் ஒருவரே என்றால் தீர்ப்பு எப்படி இருக்கும்? அநேகமாகத் தவணையைத் தள்ளிப் போட்டார்கள். அசலைக் குறைக்கவில்லை. வருஷக்கணக்கில் பாக்கி வளர்ந்துகொண்டே போயிற்று.

தள்ளுபடி வந்த வரலாறு

1996-ல்தான் நாணய நிதியும் உலக வங்கியும் கடன் பளு மிகுந்த ஏழை நாடுகளுக்கென ஒரு திட்டம் வகுத்தன. அது நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1998 மே மாதம் பணக்கார நாடுகளின் தலைவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நகரைச் சுற்றி நின்று, ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கோரினர். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவ ஆலயங்களைச் சேர்ந்த சாதாரண ஜனங்கள். நன்மையை யார் செய்தாலும் பாராட்டத்தான் வேண்டும். அடுத்த வருஷம் திட்டம் விரிவாக்கப்பட்டது. 2005-ல் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடிய மாநாடு, உலக வங்கி, நாணய நிதி, ஆப்பிரிக்க வளர்ச்சி நிதி ஆகியவற்றின் கடனையும் தள்ளுபடி செய்யச் சம்மதித்தது. 2023 டிசம்பரில் சோமாலியா முடித்ததோடு இத்திட்டத்தின் பலனை முழுமையாகப் பெற்ற தேசங்கள் 37 ஆயின.

ஜாம்பியா 2000 டிசம்பரில் இத்திட்டத்தில் சேர்ந்தது. 2005 ஏப்ரலில் முடித்தது. இடையில் நாலரை வருஷம் பரீட்சை. செலவுக் கட்டுப்பாட்டினால் படித்துத் தயாராயிருந்த வாத்தியார்களுக்கு வேலை கொடுக்க முடியாமல், வகுப்பில் வாத்தியார் இல்லாமல் இருந்த விசித்திரமும் அப்போது நடந்தது. முடிவில், சுமார் 700 கோடி அமெரிக்க டாலராயிருந்த வெளிநாட்டுக் கடன் 100 கோடிக்கும் கீழே இறங்கிற்று.

அதனால் சாதாரண ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? 2006 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் வைத்தியக் கட்டணத்தை ஜாம்பியா ரத்து செய்தது. அதற்கு முன்னால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய் முதலில் காசு கட்ட வேண்டும். காசில்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்குக் காத்திருக்கும் பொறுமை கிடையாது. கட்டணம் எடுக்கப்பட்டதும் ஜனங்கள் திரண்டு வந்தனர். மருந்தும் தாதிகளும் போதாமல் திண்டாடியதும் உண்டு. அது வேறு குறை. வாசலில் நின்று திரும்பிப் போன பிள்ளை உள்ளே வந்ததே, அதைக் கணக்கில் எழுத வேண்டாமா?

ருமேனியாப் பத்திரம்

இந்த இடத்தில் ஒரு வியாபாரத்தைச் சொல்லியாக வேண்டும். வியாபாரிகளாகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

1979-ல் ஜாம்பியா உழவு டிராக்டர்களும் மற்ற சாமான்களும் வாங்க ருமேனியாவிடம் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் கடன்பட்டது. கட்ட முடியவில்லை. வட்டியோடு சேர்ந்து அது 1999-ல் ஏறத்தாழ 3 கோடியாயிற்று. வராத பாக்கி என்று ருமேனியா முடிவு செய்து, கிடைத்த விலைக்கு முடித்துக்கொள்ள ஜாம்பியாவுடனேயே பேசிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து டோனிகல் இண்டர்நேஷனல் என்ற கம்பெனி நடுவில் புகுந்து, அந்தக் கடன் பத்திரத்தைச் சுமார் 33 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கிற்று. மூன்று கோடிப் பாக்கிக்கு முப்பத்து மூன்று லட்சம். பின்பு ஜாம்பியாவுக்குத் தள்ளுபடி கிடைத்துக் கையில் நாலு காசு புரளத் தொடங்கிய நேரத்தில், அதே கம்பெனி லண்டன் கோர்ட்டில் அசலும் வட்டியும் அபராதமுமாக ஐந்தரைக் கோடி டாலர் கேட்டு நின்றது. 2007-ல் நீதிபதி அவர்கள் தரப்புச் சாட்சியத்தைக் கடிந்து பேசினார். ஆயினும் பத்திரம் பத்திரம்தானே! சட்டப்படி ஜாம்பியா 1 கோடியே 54 லட்சம் டாலர் கட்ட வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று. வாங்கிய விலையைப் போல் நாலரை மடங்குக்கு மேற்பட்ட தொகை.

மற்றவர்கள் பெரிய மனதுடன் விட்டுக்கொடுத்த பணம், விட்டுக்கொடுக்காத ஒருவர் பைக்குப் போயிற்று. செத்த பிணத்துக்குக் காத்திருக்கும் பறவையின் பெயரால் இப்படிப்பட்டவர்களைக் கழுகு நிதிகள் என்று அழைக்கிறார்கள். இந்த வழக்கின் அவமானம் பொறுக்காமல் பிரிட்டன் 2010-ல் ஒரு சட்டம் இயற்றி, தள்ளுபடித் திட்டத்தில் உள்ள தேசங்களின் பழைய கடனுக்கு இப்படி முழுத்தொகை கேட்க முடியாதபடி செய்தது. ஜாம்பியாவுக்கு அது காலம் கடந்த உதவி.

மறுபடியும் கடன்

இனி ஜாம்பியாவின் சொந்தக் குறைகளைச் சொல்வோம். கடன்பட்டவர் எல்லோரும் அப்பாவிகள் என்று எழுதினால் நம் வாசகர்கள் நம்பமாட்டார்கள். நம்பவும் கூடாது.

2004-க்குப் பிறகு சீனத்தில் கிராக்கி ஏறி, டன் 2,000 டாலருக்கும் கீழே கிடந்த செம்பு 2006-ல் 8,000 டாலரைத் தாண்டிற்று. ஆனால் சுரங்கங்கள் 1997 முதல் 2000 வரையில் தனியாருக்கு விற்கப்பட்டிருந்தன. விற்றபோது எழுதிக்கொடுத்த ஒப்பந்தங்களின்படி சர்க்காருக்குச் சேர வேண்டிய ராயல்டி நூற்றுக்கு 0.6. அதாவது ஆயிரம் வெள்ளிச் செம்புக்கு ஆறு வெள்ளி! விலை மலைபோல் உயர்ந்தபோது தேசத்தின் கஜானாவுக்குச் சொட்டுச் சொட்டாகவே வந்தது. 2008-ல் ராயல்டியை மூன்றாக உயர்த்தி, விலையேற்ற லாபத்துக்கும் வரி போட்டார்கள். விலை சரிந்ததும் அவ்வரியை மறு வருஷமே எடுத்துவிட்டார்கள். தன் சரக்குக்கு உரிய விலையை வாங்கத் தெரியாதவர் கடன் வாங்கித்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

கடன் கொடுக்க ஆட்களும் தயாராக இருந்தனர். பழைய பாக்கி தள்ளுபடியானதால் ஜாம்பியாவின் பேரேடு வெள்ளையாகக் கிடந்தது. 2012 செப்டம்பரில் அது முதன்முதலாக உலகச் சந்தையில் டாலர் கடன் பத்திரம் விற்றது. கேட்டது 75 கோடி. கொடுக்க முன்வந்த பணமோ அதைப் போல் பதினைந்து மடங்கு. வட்டி நூற்றுக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. 2014-ல் எட்டரை வட்டிக்கு 100 கோடி. 2015-ல் ஒன்பதை ஒட்டிய வட்டிக்கு 125 கோடி. வட்டி ஏறியதைக் கவனியுங்கள். மூன்றாம் முறை கடன் கேட்டு வருபவரின் முகத்தைப் பார்த்தே மொத்தக் கடைக்காரர் விலையை ஏற்றுவாரே, அதே போலத்தான். இவற்றுடன் சாலை, விமான நிலையம், காஃபுவே ஆற்றின் நீர்மின் நிலையம் ஆகியவற்றுக்கென்று சீன பேங்குகளின் கடன். அவற்றின் விவரம் முழுவதும் வெளியில் சொல்லப்படவில்லை. 2021-ல் ஆட்சி மாறிய பிறகே, சீனரிடம் பட்ட கடன் முன்பு சொன்னதைவிட மிகப் பெரிது என்பது தெரியவந்தது.

இதில் இரண்டு பிழைகளை வியாபாரி உடனே கண்டுகொள்வார். பலன் தர இருபது முப்பது வருஷம் ஆகும் காரியத்துக்குப் பத்து வருஷத்தில் அசல் கட்ட வேண்டிய பணத்தைப் போட்டது ஒன்று. சரக்குக் கடனை எடுத்து மாடி கட்டுகிறவர் நிலைதான் அது. வரவு குவாச்சாவிலும் கடன் டாலரிலும் இருந்தது மற்றொன்று. 100 கோடிப் பத்திரத்துக்கு எட்டரை வட்டி என்றால் வருஷத்துக்கு எட்டரைக் கோடி டாலர். டாலருக்கு 6 குவாச்சா என்று 2014-ல் இருந்தபோது அதற்கு 51 கோடி குவாச்சா போதும். 2020 முடிவில் டாலருக்கு 21 குவாச்சா ஆனபோது அதே வட்டிக்கு 178 கோடிக்கு மேல் வேண்டும். ஒரு காசு புதிதாக வாங்காமலே கடன் மூன்றரை மடங்காயிற்று. 1997-ல் நமது ரிங்கிட் சரிந்தபோது வெளிநாட்டுச் சரக்குக்கு டாலரில் பணம் கட்டியவர்கள் இதை அனுபவித்தே அறிவார்கள்.

2015-ஐ ஒட்டிச் செம்பு மறுபடியும் விழுந்தது. மழை பொய்த்து மின்சாரம் குறைந்தது. பின்பு கொரோனா வந்தது. வெளிநாட்டுக் கடன் 1,200 கோடி டாலர் அளவில் நின்றது. 2020 அக்டோபரில் கட்ட வேண்டிய அரை வருஷ வட்டி 4 கோடியே 25 லட்சம் டாலர். ஆறு மாதம் பொறுக்கும்படி ஜாம்பியா கேட்டது. பத்திரம் வைத்திருந்தவர்கள், "எங்களைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, எங்கள் பணத்தைச் சீனருக்குக் கட்டுவீர்களோ?" என்று சந்தேகித்து மறுத்தனர். அவர்களுக்குக் கட்டினால் சீனர்கள் முதலில் வந்து நிற்பார்கள். நவம்பர் 13-ல் அவகாசம் முடிந்தது. வட்டி கட்டப்படவில்லை. கொரோனாக் காலத்தில் கடன் தவறிய முதல் ஆப்பிரிக்க தேசம் ஜாம்பியாவாயிற்று.

யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது?

2021 ஆகஸ்டில் ஹக்காயிண்டே ஹிச்சிலேமா ஜனாதிபதியானார். அதற்கு முன்பே ஜி-20 நாடுகள் வகுத்த பொதுத் திட்டத்தில் ஜாம்பியா விண்ணப்பித்திருந்தது. பழைய காலத்தில் பாரிஸ் கிளப்பைக் கூட்டினால் காரியம் முடிந்தது. இப்போதோ ஒரு பக்கம் சீனா, ஒரு பக்கம் மேல்நாட்டுச் சர்க்கார்கள், இன்னொரு பக்கம் பத்திரம் வாங்கிய கம்பெனிகள். ஒருவர் விட்டுக்கொடுத்தால் அடுத்தவர் அதில் லாபமடைவாரோ என்ற பயம் எல்லோருக்கும். ருமேனியாப் பத்திரத்தின் கதையைப் படித்தவர்களுக்கு அந்தப் பயம் வீண் பயமென்று தோன்றாது. 2023 ஜூனில் சர்க்கார்கள் பாரிஸில் ஒப்பந்தத்துக்கு வந்தன. 630 கோடி டாலர் கடனுக்குத் தவணை 2043 வரை நீட்டப்பட்டது. 2037 வரை வட்டி நூற்றுக்கு ஒன்று. பத்திரக்காரர்களுடன் நவம்பரில் பேசி முடித்த ஏற்பாட்டை, அவர்கள் போதிய அளவு விட்டுக்கொடுக்கவில்லையென்று சர்க்கார்கள் தள்ளிவிட்டன. திருத்திய ஏற்பாடு 2024 ஜூனில்தான் நிறைவேறியது. அதன்படி அவர்கள் 84 கோடி டாலர் அளவில் உரிமையை விட்டனர். விண்ணப்பம் போட்டு முடிவதற்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது நமது முதற்கேள்விக்கு வருவோம். வாங்கியவன் கொடுக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் கொடுத்தவரிடமும் கேட்க வேண்டியது உண்டு. அமெரிக்க சர்க்காருக்கு மூன்றுக்கும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்த அதே 2015-ல் ஜாம்பியாவுக்கு ஏன் ஒன்பது? திரும்பி வராமல் போகலாம் என்று தெரிந்ததால்தானே? அந்த நட்டத்துக்கென்று கூடுதல் வட்டியை வருஷா வருஷம் வாங்கிக்கொண்டு, நட்டம் வந்த அன்று ஒரு காசும் குறைக்கமாட்டேன் என்பது எந்த ஊர் வியாபாரம்? நம்மில் எவரும் 555 நோட்டில் பாக்கி எழுதும்போது ஆளைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். தவறான ஆளுக்கு அளவுக்கு மீறிக் கொடுத்தால் அதில் பாதிப் பொறுப்பு நம்முடையது.

திருமறையின் அல்பகரா அத்தியாயத்தில், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டுமென்றும், விட்டுவிடுவது இன்னும் மேலானதென்றும் 280-வது வசனம் போதிக்கிறது. இதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். இரண்டு வசனம் தள்ளி 282-ல், கடனைத் தவணையுடன் எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ளுமாறு மிக விரிவாகக் கட்டளை வருகிறது. ஆலிம்கள் இவ்விரண்டையும் சேர்த்தே நமக்கு ஓதிக் கொடுத்தார்கள். ஜாம்பியாவின் கதையிலும் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. யாருக்கு எவ்வளவு என்று மறைவின்றி எழுதப்பட்டிருந்தால் 2020-ல் ஆறு மாத அவகாசம் கிடைத்திருக்கக்கூடும். கணக்குத் திறந்து கிடக்காததால் இரக்கத்துக்கும் வழி அடைபட்டது.

தள்ளுபடி பெற்றவர் மறுபடி கடன்பட்டாரே, ஆகையால் தள்ளுபடியே வீண் என்று சிலர் சொல்லக்கூடும். அதை நாம் ஒப்பவில்லை. 2006-ல் சுகாதார நிலையத்துக்குள் வந்த பிள்ளை பிழைத்தது வீணல்ல. ஆனால் பாக்கியை மட்டும் அழித்துவிட்டு, ஒரே சரக்குக் கடையை ஒரே சரக்குக் கடையாகவே விட்டதும், ஆயிரத்துக்கு ஆறு என்ற ஒப்பந்தத்தைத் தொடாமல் விட்டதும், கடன் கொடுப்பவர் தம் கணக்கை வெளியில் சொல்ல வேண்டுமென்ற சட்டம் செய்யாமல் விட்டதும் குறைதான். பொதுத் திட்டத்திலும் பின்னதற்கு இன்னும் உறுதியான வழி இல்லை.

புதிய ஏற்பாட்டில் ஒரு ஷரத்து கவனிக்கத்தக்கது. தேசத்தின் வருமானமும் ஏற்றுமதியும் எதிர்பார்த்ததைவிட நன்றாயிருந்தால் வட்டி கூடும், தவணை சுருங்கும். நல்ல காலத்தில் அதிகம் கட்டு என்கிறார்கள். கெட்ட காலத்தில் குறைத்துக் கட்டு என்ற ஷரத்து அதே அளவுக்கு எழுதப்படவில்லை. 2024-ன் தொடக்கத்தில் மழை முற்றாகப் பொய்த்தது. சோளம் பயிரிட்ட 22 லட்சம் ஹெக்டேரில் 10 லட்சம் ஹெக்டேர் அழிந்தது. பிப்ரவரி 29-ல் ஜனாதிபதி அதைத் தேசிய பேராபத்து என அறிவித்தார். கரிபா ஏரியில் நீர் வற்றி, நாளில் பெரும்பகுதி நேரம் மின்சாரம் இல்லாமல் லுசாகாவின் சிறு கடைக்காரர்களும் மாவு ஆலைக்காரர்களும் ஜெனரேட்டர் வாங்கத் திண்டாடினர். பத்திரக்காரர்களுடன் கையெழுத்தானது அதே வருஷம் ஜூன் மாதத்தில்தான்.